ஜித்தாவின் அச்சுப் பள்ளிவாசலும் நம் பிள்ளைகளின் விசாவும்

சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில், அல் ஜவ்ஹரா பகுதியில், 2024 மார்ச் மாதம் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. சுமார் 5,600 சதுர மீட்டர் பரப்பு. மறைந்த தம் கணவர் அப்துல் அஸீஸ் ஷர்பத்லியின் பெயரில் வஜ்னாத் அப்துல் வாஹித் என்ற பெண் தொழிலதிபர் கட்டிக்கொடுத்தது. த்ரீடி பிரிண்டிங் எனப்படும் முப்பரிமாண அச்சு முறையில் கட்டப்பட்ட உலகின் முதல் பள்ளிவாசல் என்று அறிவித்தார்கள். ஆறே மாதத்தில் வேலை முடிந்ததாகவும் செய்தி வந்தது.

அந்தப் பள்ளியின் காணொளி நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்மையில் ஒரு நாள் இஷா தொழுகைக்குப் பின் இரண்டு பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முதலாமவரின் கேள்வி: "ஹஜ்ரத், மெஷின் கட்டிய பள்ளியில் தொழுதால் கூடுமா?" தாராளமாகக் கூடும் என்றேன். பள்ளியைப் பள்ளியாக்குவது வக்ஃபும் நிய்யத்தும்தான். செங்கல்லை எடுத்து வைத்தது எந்தக் கை என்று ஃபிக்ஹு கேட்பதில்லை.

இரண்டாமவர் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார். அவருடைய மூத்த மகன் ஜித்தாவில் கட்டட வேலையில் இருக்கிறான். இளையவனுக்கும் அங்கேயே விசா பார்த்துக்கொண்டிருக்கிறார். "கட்டடத்தை மெஷினே கட்டிவிட்டால் நம்ம பையன்களுக்கு அங்கே என்ன வேலை ஹஜ்ரத்?" என்று கேட்டார். நின்றபடி பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியில்லை அது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், அந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முறுக்கு உழக்கில் மாவு பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய இரும்புச் சட்டத்தில் தொங்கும் ஒரு குழாய் முனை, கணினியில் உள்ள வரைபடத்தின்படி நகர்ந்துகொண்டே கான்கிரீட் கலவையைப் பிழிகிறது. ஒரு வரிசையின் மேல் இன்னொரு வரிசை என்று சுவர் வளர்கிறது. சென்ட்ரிங் பலகை வேண்டாம், செங்கல் வேண்டாம், வளைந்த சுவருக்குத் தனிக் கூலி வேண்டாம். சிரமமெல்லாம் கலவையில்தான். தளர்ந்தால் அடுத்த வரிசையின் பாரம் தாங்காமல் சுவர் சரியும். கெட்டியானால் குழாயிலேயே அடைத்துக்கொள்ளும். முறுக்கு சுடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காணொளியில் நாம் பார்ப்பது சுவர் எழும்பும் காட்சியை மட்டுமே. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகவே கம்பி வேண்டும். கூரை வேண்டும். கதவு, ஜன்னல், வயரிங், பைப் லைன், ஏசி, உளூச் செய்யும் இடத்தின் தண்ணீர்க் குழாய் என்று எல்லாம் வேண்டும். இவற்றில் பெரும்பகுதியை இன்றும் மனிதக் கைகள்தான் செய்கின்றன.

இதற்குத் தெளிவான ஒரு கணக்கு துபையில் இருக்கிறது. 2016 மே மாதம் அங்கே 'எதிர்கால அலுவலகம்' என்ற பெயரில் 250 சதுர மீட்டர் பரப்புள்ள அச்சுக் கட்டடம் திறக்கப்பட்டது. பாகங்களை அச்சிட 17 நாட்கள், அவற்றைத் துபையில் பொருத்த 2 நாட்கள். வழக்கமான கட்டடத்தோடு ஒப்பிட்டால் தொழிலாளர் செலவு பாதிக்கும் மேல் குறைந்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதில் வேலை செய்தவர்களின் எண்ணிக்கையையும் அப்போதே வெளியிட்டார்கள். அச்சு இயந்திரத்தைக் கண்காணிக்க 1 ஆள். பாகங்களைப் பொருத்த 7 ஆட்கள். எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் வேலைகளுக்கு எலெக்ட்ரீஷியன்களும் நிபுணர்களுமாக 10 பேர்.

இந்த 1, 7, 10 என்ற மூன்று எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கொத்தனார் அந்தப் பட்டியலில் இல்லை. கலவை சுமப்பவர், சென்ட்ரிங் அடிப்பவர், பூச்சு வேலைக்காரர் இல்லை. எலெக்ட்ரீஷியன் இருக்கிறார், அதுவும் அதிக எண்ணிக்கையில்.

செங்கல் அடுக்கும் இயந்திரத்தின் கதையும் இதேதான். அமெரிக்காவில் 'சாம்' என்ற பெயரில் ஒரு ரோபோ சில ஆண்டுகளுக்கு முன் வந்தது. நாளொன்றுக்கு 3,000 செங்கல் வரை வைக்கும் என்று அதைத் தயாரித்த நிறுவனம் சொன்னது. ஆனால் அதற்குச் செங்கல்லும் சாந்தும் ஊட்ட ஓர் ஆள் வேண்டும். இணைப்புகளில் பிதுங்கும் சாந்தை வழித்து ஒழுங்குபடுத்தவும், மூலைகளைக் கட்டவும் ஒரு தேர்ந்த கொத்தனார் வேண்டும். ஹில்டி நிறுவனம் 2020-இல் அறிமுகப்படுத்திய ரோபோ, கட்டட வரைபடத்தைப் படித்துத் தானாகவே கூரையில் துளை போடுகிறது. அண்ணாந்து பார்த்தபடி நாள் முழுக்க டிரில் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த வேலை தோளையும் கழுத்தையும் என்ன செய்யும் என்று. அது போவதில் யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் நாளைக்கே எல்லாம் மாறிவிடுமா? மாறாது. வாட்ஸ்அப்பில் வருகிற 'இனி வளைகுடாவில் வேலையே இல்லை' என்ற செய்திகளை நம்பி யாரும் படபடக்கத் தேவையில்லை. 2030-க்குள் துபையின் கட்டடங்களில் 25 சதவீதம் அச்சு முறையில் இருக்க வேண்டும் என்று 2016-லேயே இலக்கு அறிவித்தார்கள். ஆனால் துபையில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால், கண்ணெதிரே கோபுரங்கள் பழைய முறையில், கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றித்தான் எழுகின்றன என்பார்கள். ஜப்பானில் 1980-களிலேயே கட்டட ரோபோக்கள் வந்துவிட்டன. ஷிமிஸு நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் நகோயா நகரில் 20 மாடி வங்கிக் கட்டடம் ஒன்றைப் பெருமளவு தானியங்கி முறையில் எழுப்பியது. பிறகு ஜப்பானின் பொருளாதாரம் சரிந்தது. அந்த வேகமும் அடங்கியது. தொழிற்சாலையில் பொருள் இயந்திரத்தைத் தேடி வரும். கட்டட சைட்டில் இயந்திரம்தான் வேலையைத் தேடிப் போக வேண்டும். நேற்று இருந்த தரை இன்று இருக்காது, மழை பெய்யும், புழுதி அடிக்கும். ரோபோவுக்கு இது கடினமான இடம்.

கசப்பான இன்னொரு காரணமும் உண்டு. கூலி அதிகமாக உள்ள நாட்டில்தான் இயந்திரம் லாபம். ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் சம்பளம் அதிகம். அதனால் ரோபோ தேடுகிறார்கள். வளைகுடாவில் நம் பிள்ளைகளின் கூலி மலிவாக இருக்கும்வரை முதலாளிக்கு இயந்திரம் வாங்கும் அவசரம் இல்லை. நம் பிள்ளைகளின் வேலையை இன்று காப்பாற்றிக்கொண்டிருப்பது அவர்களுடைய குறைந்த சம்பளம்தான். இதை எழுதும்போது எனக்கே மனம் ஒப்பவில்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கை எந்த ரோபோவையும் விட வேகமாக மாற்றக்கூடியவை அரசாங்கங்கள். ஊர் மக்கள் அச்சு இயந்திரத்தின் காணொளியைப் பார்க்கும் அளவுக்கு விசாச் சட்டங்களைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த நாடு. 2024 ஜனவரி 1 முதல் அங்கே விதி மாறியது. முன்பு ஓர் உள்நாட்டுத் தொழிலாளி இருந்தால் 7 வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம். இப்போது 5 பேர்தான். ஒவ்வொரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்குக் கட்ட வேண்டிய தீர்வையும் உயர்ந்தது. கட்டட சைட்டில் வேலை செய்யும் அடிப்படைத் தொழிலாளிக்கு 900 வெள்ளி. உயர் திறன் சான்று பெற்றவருக்கு 500 வெள்ளி. அதே ஆள் சைட்டுக்கு வெளியே, தொழிற்சாலையில் கட்டடப் பாகங்களைத் தயாரிக்கும் வேலையில் இருந்தால் 370, 250 என்று இன்னும் குறைகிறது. அறைகளை டைல்ஸ், ஜன்னல், குழாயோடு தொழிற்சாலையிலேயே முழுதாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து கிரேன் மூலம் அடுக்கும் முறை அங்கே வளர்ந்துவருகிறது. அந்தப் பக்கமாகத் தொழிலைத் தள்ளுவதற்கே இந்தத் தீர்வை.

திறனில்லாத ஒரு பையன் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி கூடுதல் சுமை. அடுத்த முறை ஆள் குறைக்க நேர்ந்தால் யாரை முதலில் ஊருக்கு அனுப்புவார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சவூதியும் இதே வழியில் போகிறது. 2025-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வேலை அனுமதியை உயர் திறன், திறன், அடிப்படை என்று மூன்று தரமாகப் பிரித்தார்கள். அதற்கு முன்பே பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், ஏசி மெக்கானிக் போன்ற வேலைகளுக்கு, விசா கிடைப்பதற்கு முன் இந்தியாவிலேயே திறன் தேர்வு எழுத வேண்டும் என்ற முறை வந்துவிட்டது. 'போய்க் கற்றுக்கொள்ளலாம்' என்று நம் அத்தாக்கள் காலத்தில் விமானம் ஏறியதுபோல இனி எல்லா வேலைக்கும் ஏற முடியாது.

நம் ஊரிலேயே இதன் முதல் பாகத்தை நாம் பார்த்து முடித்துவிட்டோம், கவனிக்கவில்லை. ஒரு வீட்டுக்குத் தளம் போடும் நாள் முன்பு ஊர்த் திருவிழா மாதிரி இருக்கும். முப்பது நாற்பது பேர் சாரத்தில் வரிசையாக நின்று சட்டி மாற்றுவார்கள். மதியம் எல்லோருக்கும் வீட்டுக்காரர் சாப்பாடு. இப்போது ரெடிமிக்ஸ் லாரி வருகிறது, பம்ப் குழாய் மாடிக்கு ஏறுகிறது, லுஹருக்குள் வேலை முடிந்துவிடுகிறது. அந்த வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காலமெல்லாம் சித்தாளாகவே இருந்தார்கள். அவர்கள் கையில் கரண்டியைக் கொடுத்துக் கொத்தனாராக்க யாரும் நினைக்கவில்லை. இயந்திரம் வந்தபோது முதலில் இறங்கியது அவர்கள்தான். எந்தச் செய்தியிலும் அது வரவில்லை. அவர்களில் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கவலைப்படுவது நம் மார்க்கம் கற்றுத்தந்த முறையாகாது. கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று வசூலிக்கும் முறை இந்த நாட்டில் 1996-லிருந்து இருக்கிறது. வீட்டை இயந்திரம் கட்டினாலும் அந்த 1 சதவீதம் வரத்தான் செய்யும். இறங்கிப் போனவர்களுக்கு வேறு தொழில் கற்றுத்தர அந்தப் பணம் பயன்பட வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

அச்சுக் கட்டடம் நமக்குத் தூரமும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-லேயே அப்படி ஒரு வீடு திறக்கப்பட்டது. பெங்களூரு அல்சூர் பகுதியில் எல் அண்ட் டி நிறுவனம் ஐ.ஐ.டி.யின் வழிகாட்டலோடு 1,021 சதுர அடியில் ஓர் அஞ்சலகத்தை 43 நாட்களில் முடித்து 2023 ஆகஸ்டில் திறந்தது.

இயந்திரத்தை நாம் பகைக்க வேண்டுமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளைகுடாவில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நண்பகல் வெயிலில் வெளிவேலை கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டம் போடும் அளவுக்கு அந்த வெயில் இருக்கிறது. அந்த வெயிலில் சாரத்தில் நின்ற மகனின் ஜனாஸாவை எதிர்பார்த்து விமான நிலையத்தில் காத்திருந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களில் உண்டு. அந்த இடத்தில் ஓர் இரும்புக் கை நிற்குமானால் அது அல்லாஹ்வின் ரஹ்மத்தாகவும் இருக்கலாம். இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததை நபி தாவூத் (அலை) அவர்களுக்குச் செய்த அருளாகத்தான் குர்ஆன் சொல்லுகிறது. அவர்கள் அதை வைத்துக் கவசம் செய்யும் தொழிலையும் கற்றார்கள் என்பதை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மதீனாவில் மஸ்ஜிதுன் நபவீ கட்டப்பட்ட காலத்துச் சம்பவம் ஒன்று ஹதீஸ் நூல்களில் உண்டு. யமாமாவிலிருந்து வந்திருந்த தல்க் இப்னு அலீ (ரலி) அவர்களுக்கு மண் குழைப்பதில் நல்ல கைப்பழக்கம். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மண் வேலையை அந்த யமாமாக்காரரிடம் விடும்படி சொன்னார்கள்; மற்ற எல்லோரையும் விட அவர் கை அதற்குப் பொருத்தம் என்பதே காரணம். அண்ணலாரே கல் சுமந்த இடம் அது. சுமப்பதில் நன்மை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அங்கேயும் ஒருவரின் திறமை அடையாளம் காணப்பட்டு, அதற்குரிய இடத்தில் அவர் நிறுத்தப்பட்டார். கலவையின் பதம்தான் அச்சு இயந்திரத்துக்கும் உயிர் என்று மேலே பார்த்தோம். பதம் தெரிந்த கைக்கு இன்றும் அங்கே இடம் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விவசாயம், நெசவு போன்ற அவசியத் தொழில்களை ஃபர்ளு கிஃபாயா என்று எழுதியிருக்கிறார்கள். ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். மதரஸாவில் நாம் இதை ஓதுகிறோம், ஓதிக் கொடுக்கிறோம். ஆனால் பையன் பத்தாம் வகுப்பு முடித்ததும் 'ஐ.டி.ஐ. சேருடா' என்றால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். பி.ஏ., பி.காம். என்று ஒரு பட்டம் வாங்கிவிட்டு, அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, லேபர் விசாவில் போவது கௌரவமாகத் தெரிகிறது. நானும் கலைப் பட்டதாரிதான். பட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் சைட்டில் பட்டத்தை யாரும் கேட்பதில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு 2 ஆண்டு. பிளம்பர், வெல்டர் 1 ஆண்டு. கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய் செலவில் நவீனப்படுத்தும் திட்டத்தில் ரோபோடிக்ஸ் சார்ந்த பிரிவுகளும் அடக்கம். இலவசமாகக் கிடைக்கிற இதை விட்டுவிட்டு, உம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்கு லட்சங்கள் கொடுக்கிறோம். அந்தக் கடனை அடைக்கவே முதல் இரண்டு வருட சபுர் போய்விடுகிறது. அதற்குள் வேலை போனால் கடன் மட்டும் மிஞ்சும்.

நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலுக்கும் இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. வருடந்தோறும் ஜகாத்தில் தையல் மெஷினும் தள்ளுவண்டியும் வழங்குகிறோம். நல்ல காரியம். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், தொழில் தெரிந்த ஏழைக்கு அவன் தொழிற்கருவிகளை வாங்கும் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம், கருவியின் விலை குறைவோ அதிகமோ, என்று விளக்கியிருக்கிறார்கள். அப்படியானால் வயரிங் படித்த ஏழைப் பையனுக்கு மீட்டரும் டிரில்லும், டைல்ஸ் வேலைக்காரருக்கு கட்டர் மெஷினும் லேசர் லெவலும் வாங்கிக் கொடுக்க என்ன தடை? ஹனஃபி மத்ஹபில் ஜகாத் பொருளை ஏழையின் உடைமையாக்கிக் கொடுப்பது நிபந்தனை. கருவியை அவர் பெயருக்கே கொடுத்துவிட்டால் அதுவும் நிறைவேறிவிடும். திறன் தேர்வுக் கட்டணம் போன்றவற்றை எந்த வகையில் தருவது என்பதை ஊர் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்; ஸதக்காவாகக் கொடுப்பதானால் எந்தச் சிக்கலும் இல்லை. சைட்டில் ஏற்கெனவே பத்து வருடம் கொத்தனாராக இருப்பவருக்கும் இது பொருந்தும். விடுமுறையில் ஊர் வரும் இரண்டு மாதத்தில் வரைபடம் படிக்கவோ, அளவுக் கருவி பிடிக்கவோ கற்றுக்கொண்டு திரும்பினால், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் அந்த ஒருவராகவோ, பொருத்தும் அந்த ஏழு பேரில் ஒருவராகவோ அவர் இருக்க முடியும். எல்லோராலும் இது முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது வயதைத் தொட்டு, சர்க்கரையோடு கூலிக்குப் போகிறவரிடம் 'ரோபோ கற்றுக்கொள்ளுங்கள்' என்பது கொடுமை. அவருக்கு உடனடித் தேவை நேரத்தில் வரும் சம்பளமும், ஊரில் ஒரு சிறு வருமானமும்தான்.

கடைசியாக, இஷாவுக்குப் பின் கேள்வி கேட்ட அந்தச் சகோதரரின் விஷயம். மறுநாள் இளைய மகனின் விசா நகலைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு அரபி தெரியாது. மேஸன் வேலை, நல்ல சம்பளம் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். தொழில் என்ற இடத்தில் 'ஆமில்' என்று இருந்தது. வெறும் கூலியாள் என்று பொருள். படித்துச் சொன்னேன். பையனுக்குப் பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தர முடியுமா என்று ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறார். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.